மெக்கென்சிக்கு இரண்டு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடா நாள் சிறப்பிதழில் காலனித்துவ கால வரலாற்றுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. ஹட்சன் பே கம்பனிக்கு 1670இல் கிடைத்த பட்டயம், பீவர் தோல் வணிகம், ஆளுநர்களின் வரிசை, கடைசியில் கனடா கூட்டமைப்பு உருவான 1867 என்று எல்லாம் இருந்தன. ஆனால் வில்லியம் லயன் மெக்கென்சிக்கு இரண்டே வரி. ரொறன்ரோவின் முதல் மேயர், 1837இல் காலனி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து தோற்றவர். அவ்வளவுதான். அவர் பத்திரிகைக்காரர் என்பதை ஒரு பத்திரிகையே விட்டுவிட்டதே என்று எனக்கு மனம் ஆறவில்லை.

நான் ஊரில் பதினான்கு ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவன். எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் ஒரு கேஸ் கவிழ்ந்து ஈய எழுத்துகள் நிலத்தில் கொட்டினால் அவற்றைப் பொறுக்கிப் பிரித்து அறைகளில் போட எத்தனை நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் 1826 ஜூன் 8ஆம் திகதி நடந்ததை என்னால் வெறும் தகவலாக வாசிக்க முடியவில்லை.

அப்போது ரொறன்ரோவுக்கு யோர்க் என்று பெயர். மெக்கென்சி 1824இல் தொடங்கிய 'கொலோனியல் அட்வகேற்' பத்திரிகையின் அச்சகம் ஃப்ரன்ட் தெருவும் ஃப்ரெடெரிக் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்தது. பதவி, காணி, வங்கி எல்லாவற்றையும் தங்களுக்குள் வைத்திருந்த சில குடும்பங்களை அவர் விடாமல் எழுதினார். அந்தக் கூட்டத்தைத்தான் 'ஃபமிலி கொம்பக்ட்' என்று சொன்னார்கள். அவர் எழுதியதெல்லாம் கண்ணியமானது என்று நான் சொல்ல வரவில்லை. எதிராளிகளின் குடும்பங்களைக்கூட இழுத்துத்தான் எழுதினார். அதற்குப் பதிலாக அந்தக் குடும்பங்களின் இளைஞர்கள் அச்சகத்துக்குள் புகுந்து இயந்திரத்தை உடைத்து, எழுத்துகளை வாரி இறைத்து, ஒரு பகுதியை ஏரியில் எறிந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நீதவான்களும் இருந்தார்கள். ஏரியில் போன எழுத்தைப் பொறுக்கவும் முடியாது.

மெக்கென்சி அன்று ஊரில் இல்லை. கடன்காரர்களுக்குப் பயந்து எல்லை தாண்டி அமெரிக்காவில் நின்றார். பத்திரிகை எப்படியும் மூடப்படும் நிலைதான். வழக்கில் ஜூரிகள் அவருக்கு 625 பவுண் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பணத்தில்தான் கடன் அடைத்து மறுபடி அச்சடித்தார். இரண்டு ஆண்டுகளில் சட்டசபைக்கும் தெரிவானார். சபை அவரை வெளியேற்றியது. மக்கள் திருப்பி அனுப்பினார்கள். 1832 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அவருக்கு 119 வாக்கு, எதிராளிக்கு ஒன்று. இரகசிய வாக்குப்பெட்டி இல்லாத காலம் அது. எல்லார் முன்னாலும் நின்று பெயரைச் சொல்லித்தான் வாக்களிக்க வேண்டும். அந்த 119 பேரையும் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

வணிகம் என்றால் தோலும் மரமும் கோதுமையும் மட்டும்தானா? பத்திரிகை நடத்துவதும் வணிகம்தான். அந்தக் காலத்தில் பத்திரிகையை வாசகருக்கு அனுப்ப வெளியீட்டாளர் முன்கூட்டியே தபால் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகவில்லை. காலனியின் தபால் துறைத் தலைவர் அதைத் தன் சொந்த வருமானமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமாகவே இருந்தது. மெக்கென்சி இதையும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். உங்கள் பத்திரிகையைத் தபாலில் பெறுகிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, அடுத்தது 1867. மக்களுக்குப் பொறுப்புச் சொல்லும் ஆட்சி அந்த ஆண்டில்தான் வந்தது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. இது திருத்தப்பட வேண்டும். அது 1848இலேயே வந்துவிட்டது. முதலில் நோவா ஸ்கோஷியாவில், சில வாரங்களில் இன்றைய ஒன்ராறியோவும் கியூபெக்கும் சேர்ந்திருந்த கனடா மாகாணத்தில். நோவா ஸ்கோஷியாவில் அதற்காகப் போராடியவர்களில் முன்னுக்கு நின்ற ஜோசஃப் ஹோவும் பத்திரிகைக்காரர்தான். இங்கேதான் உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதும் துணிவு எனக்கு வந்தது. ஏனென்றால் ஹோவை நீதிமன்றத்துக்கு இழுத்ததே ஒரு வாசகர் கடிதம்! 1835 ஜனவரி 1ஆம் திகதி அவருடைய 'நோவாஸ்கோஷியன்' பத்திரிகையில் 'மக்கள்' என்ற கையொப்பத்துடன் அது வந்தது. ஹாலிஃபக்ஸ் நகரத்தை நடத்திய நீதவான்கள் முப்பது ஆண்டுகளில் மக்களிடமிருந்து 30,000 பவுண் வரை எடுத்துக்கொண்டார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. எழுதியது உண்மையா பொய்யா என்பது அந்தக் கால அவதூறுச் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை. வழக்கறிஞர்கள் தோற்றுவிடுவீர்கள் என்று கையை விரித்தார்கள். ஹோ சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தார், தானே எழுந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஜூரிகள் பத்து நிமிடத்தில் விடுதலை என்று சொன்னார்கள்.

கனடா மாகாணத்தின் கதை வேறு மாதிரி. 1841இல் லூயி இப்போலித் லாஃபொன்தேன் கியூபெக்கின் தெரபோன் தொகுதியில் நின்றபோது எதிர்த்தரப்பு தடிகளோடு வாக்களிக்கும் இடத்தை மறித்தது. இரத்தம் சிந்த வேண்டாம் என்று அவர் விலகினார். அப்போது ரொறன்ரோவின் ரொபர்ட் பால்ட்வின் அவரை இங்கே அழைத்தார். ரொறன்ரோவுக்கு வடக்கே, யோர்க் நான்காம் தொகுதியில், ஆங்கிலம் பேசும் விவசாயிகள் பிரெஞ்சு பேசும் ஒரு கத்தோலிக்கரைத் தெரிவு செய்தார்கள். கிளர்ச்சி முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. பால்ட்வின் ஒன்ராறியோவில் தோற்றபோது 1843இல் கியூபெக்கின் ரிமுஸ்கி தொகுதி அவரைத் தெரிவு செய்து கடனைத் தீர்த்தது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் பிள்ளைகளைக் கியூபெக்குக்கு அனுப்பிப் பிரெஞ்சில் படிக்க வைத்தார். 1848இல் இந்த இருவர் தலைமையில்தான் அந்த ஆட்சி அமைந்தது. இன்னொன்று: பால்ட்வின் 1804இல் பிறந்த வீடுதான் பின்னாளில் மெக்கென்சியின் அச்சகம். அதே ஃப்ரெடெரிக் தெரு மூலை.

உங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. மேரி ஆன் ஷாட் 1853இல் 'ப்ரொவின்ஷியல் ஃப்ரீமன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கறுப்பினப் பெண் ஒருவர் பத்திரிகை நடத்துவதை ஏற்கமாட்டார்கள் என்பதால் முதலில் ஓர் ஆணின் பெயரை ஆசிரியராகப் போட்டார். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உங்களிடம் இருப்பார்கள்.

மெக்கென்சியைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. 1837 டிசம்பரில் யங் தெருவில் மொன்ட்கோமெரி விடுதியருகே கிளர்ச்சி உடைந்ததும் அவர் தப்பி அமெரிக்கா போய்விட்டார். அவரை நம்பி வந்த சாமுவேல் லவுன்ட் என்ற கொல்லரும் பீற்றர் மத்தியூஸ் என்ற விவசாயியும் 1838 ஏப்ரல் 12இல் தூக்கிலிடப்பட்டார்கள். லவுன்டின் மனைவி ஆளுநர் முன் மண்டியிட்டுக் கெஞ்சியும் பலிக்கவில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெக்கென்சி மீது கோபம் வருகிறது. அதையும் எழுதுங்கள். பிள்ளைகள் முழு மனிதரையும் தெரிந்துகொள்ளட்டும்.

போன மாதம் என் பேத்தியை பொன்ட் தெருவில் மெக்கென்சி கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். 1861இல் அவர் அங்கேதான் காலமானார். இப்போது அது அருங்காட்சியகம். உள்ளே ஒரு பழைய காலத்து அச்சகம் அமைத்திருக்கிறார்கள். எழுத்துகள் தலைகீழாக இருக்கின்றனவே, எப்படி வாசிப்பீர்கள் என்று அவள் கேட்டாள். எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கைக் கையில் எடுத்துக் காட்டினேன். விரல் இன்னும் மறக்கவில்லை. அப்புறம் வின்செஸ்டர் தெருவில் உள்ள நெக்ரொபொலிஸ் மயானத்துக்கும் போனோம். மெக்கென்சி, லவுன்ட், மத்தியூஸ் மூவரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

1848 பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் போடுங்கள். முடிந்தால் உங்கள் புகைப்படக்காரரை அந்த மயானத்துக்கும் ஃப்ரெடெரிக் தெரு மூலைக்கும் அனுப்புங்கள். வழி காட்ட நான் வருகிறேன்.

வணக்கத்துடன்,
முன்னாள் அச்சுக்கோப்பாளர்,
ஸ்காபரோ