நெல்லைச் சீமைப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வருகிற கல்வியாண்டிலிருந்து, விருப்பப்படுகிற இறுதியாண்டு மாணவர்கள் ஓப்பன்ஸ்டேக் போன்ற ஒரு திறமூல (யார் வேண்டுமானாலும் கோடைப் பார்க்கவும் திருத்தவும் முடிகிற) கிளவுட் திட்டத்தில் வேலை பார்த்து, அந்த வேலையையே பிராஜெக்ட்டாகச் சமர்ப்பிக்க அனுமதி கொடுங்கள். ஓப்பன்ஸ்டேக் என்பது நிறைய சர்வர்களை ஒன்றாக இணைத்து, கேட்பவர்களுக்குக் கணினியும் சேமிப்பிடமும் பிரித்துக் கொடுக்கிற மென்பொருள். அதைச் சொல்வதற்குக் காரணம், என் பிழைப்பே அதில்தான். பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளியூர் நிறுவனத்தின் ஓப்பன்ஸ்டேக் கிளவுடைப் பராமரிக்கிறேன், அந்தத் திட்டத்துக்குப் பேட்ச் (கோடில் செய்கிற திருத்தம்) அனுப்புகிறேன், மற்றவர்கள் அனுப்புவதைப் படித்துக் கருத்தும் எழுதுகிறேன். சாயங்காலங்களில் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்க வருவார்கள். அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். டிசம்பர் வந்தால் பிராஜெக்ட் சென்டர்களில் டைட்டில் லிஸ்ட் தயாராகிவிடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு டைட்டிலைப் பிடித்து, பணம் கட்டி, கோடு, பிபிடி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் வாங்கி வருகிறார்கள். ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ, செகண்ட் ரிவ்யூ என்று வரிசையாக நடக்கிறது, கருப்பு பைண்டிங்கில் தங்க எழுத்துப் போட்டுப் புத்தகம் வருகிறது, வைவாவில் எக்ஸ்டெர்னல் நாலு கேள்வி கேட்கிறார், முடிந்தது. பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன், உங்களையும் சொல்ல மாட்டேன். ஒரு கைடுக்கு எத்தனை குழு மாணவர்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். முக்கூடல், பேட்டை, மேலப்பாளையம் பக்கமிருந்து வருகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அது அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசு. அதைக் கொடுத்து வாங்கிய கோடிங்கை ஜூன் மாதத்துக்குப் பிறகு யாருமே திறந்து பார்ப்பதில்லை.

சரி, ஓப்பன்ஸ்டேக்குக்கு வருகிறேன். 2010-இல் அமெரிக்காவின் நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. நாசா தன் நெபுலா என்ற கிளவுட் திட்டத்தின் கோடைக் கொடுக்க, அது கணினிகளை ஒதுக்கித் தரும் நோவா ஆனது. ரேக்ஸ்பேஸ் கொடுத்தது கோப்புகளைச் சேமிக்கும் ஸ்விஃப்ட் ஆனது. இன்று வலைப்பின்னலுக்கு நியூட்ரான், டிஸ்க்குக்கு சின்டர், அடையாளச் சோதனைக்குக் கீஸ்டோன் என்று நிறைய துணைத் திட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பைத்தான், உரிமம் அப்பாச்சி 2.0. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் தன் கணினிகளை இதைக் கொண்டுதான் நடத்துகிறது. 2023 நவம்பரில் பிராட்காம், ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளை விற்கிற விஎம்வேரை வாங்கி, நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றிய பிறகு, செலவு தாங்காமல் மாற்று தேடுகிற நிறுவனங்கள் இந்தப் பக்கம் மறுபடியும் பார்க்கின்றன. அதனால் பிள்ளைகளுக்கு வேலைக்கும் உதவும். ஆனால் நான் இதைக் கேட்பதற்கு வேலைவாய்ப்பு முதல் காரணம் இல்லை.

முதல் காரணம் அங்கே நடக்கிற ரிவ்யூ, அதாவது ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துச் சரிபார்ப்பது. ஒருவர் எழுதிய மாற்றம் கெரிட் என்ற இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். ஸூல் என்கிற மென்பொருள் முதலில் அதைப் பரிசோதனைகளில் ஓட்டிப் பார்க்கும். அப்புறம் ஆட்கள் வருவார்கள். யார் வேண்டுமானாலும் சரி என்றால் +1, குறை இருந்தால் -1 போடலாம். சேர்க்கலாம் என்று +2 போடும் உரிமை, பொறுப்பில் இருக்கிற கோர் ரிவ்யூவர்களுக்கு மட்டும். வழக்கமாக அவர்களில் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மனிதர் யாரும் நேரடியாகக் கோடைச் சேர்ப்பதில்லை. முன்வரிசையில் நிற்கும் மாற்றங்களோடு சேர்த்து ஸூல் மறுபடி சோதித்து, தேறினால்தான் உள்ளே சேர்க்கும்.

பேட்டையிலிருந்து வருகிற ஒரு மாணவி சின்டரில் சின்னதாக ஒரு மாற்றம் அனுப்பினாள். வால்யூமை (கிளவுடில் இருக்கும் டிஸ்க்கை) பெரிதாக்கும் கட்டளை தோற்றால் வரும் பிழைச்செய்தியில் காரணம் தெளிவாக இல்லை, அதைத் திருத்துவதுதான் வேலை. மறுநாள் சாயங்காலம் முகம் வாடிப்போய் வந்தாள். "அண்ணே, மைனஸ் ஒன்னு போட்டுட்டாங்க, என் பேட்ச் போச்சா?" போகவில்லை. ரிவ்யூ செய்தவர் இரண்டே விஷயம் கேட்டிருந்தார்: இந்த மாற்றத்தைச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எங்கே, கமிட் செய்தியில் (மாற்றத்தோடு எழுதும் விளக்கக் குறிப்பில்) என்ன மாற்றினாய் என்று இருக்கிறது, ஏன் மாற்றினாய் என்று இல்லையே. டெஸ்ட் எழுதி அனுப்பினாள். ஒரு வரி 79 எழுத்தைத் தாண்டிவிட்டது என்று ஸூல் நிறுத்தியது. அதைச் சரிசெய்தாள். இன்னொரு நாட்டிலிருந்து இன்னொருவர் வந்து, பயன்படுத்துபவர்கள் கண்ணில் படுகிற மாற்றம் என்பதால் ரிலீஸ் நோட் (புதிய பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு) வேண்டும் என்றார். அதையும் எழுதினாள். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் உள்ளே போனது. கோடு என்று பார்த்தால் அது சில வரிகள்தான். ஆனால் அந்த வரிகள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவளை எந்த எக்ஸ்டெர்னல் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வாள். அதுவும் ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிற பிள்ளை, முன்பின் தெரியாதவர்களோடு எழுத்தில் வாதாடி, ஓரிடத்தில் "நீங்கள் சொல்வது இங்கே பொருந்தாது, இதோ காரணம்" என்று மறுத்தும் எழுதினாள், அவரும் ஒப்புக்கொண்டார். இதற்கு அவள் கல்லூரியில் ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது. அவளுடைய டீம் வேறொரு டைட்டிலுக்குப் பணம் கட்டியிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அனுமதி கொடுக்கிறோம் என்று சொல்லி, "ஆளுக்கு ஐந்து கமிட் (பதிவான மாற்றம்) கட்டாயம்" என்று மட்டும் சர்குலர் போட்டுவிடாதீர்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். 2020 அக்டோபரில், திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்கப்படுத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் சமயத்தில் இதைப் பார்த்தோம். நான்கு மாற்றம் அனுப்பினால் டீ-ஷர்ட் என்றதும், அதற்குக் குறுக்குவழி காட்டிய வீடியோவைப் பார்த்து, நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் சம்பந்தமே இல்லாத திட்டங்களில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக அனுப்பிக் குவித்தார்கள். பராமரிப்பவர்கள் கதறிய கதறலில் அந்த மாதமே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்றார்கள். ஓப்பன்ஸ்டேக்கிலும் அந்த அனுபவம் உண்டு. எந்த நிறுவனம் எத்தனை கமிட், எத்தனை ரிவ்யூ என்று பட்டியல் போட்ட காலத்தில், பட்டியலில் மேலே ஏறுவதற்காகவே ஒரே எழுத்துப்பிழைத் திருத்தத்தை நூற்றுக்கணக்கில் பிரித்து அனுப்பியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு அற்ப மாற்றத்துக்கும் ஸூல் ஒரு முழுச் சுற்றுச் சோதனை ஓட்ட வேண்டும், ஒரு மனிதர் திறந்து பார்க்க வேண்டும். அப்படி அனுப்ப வேண்டாம் என்று பங்களிப்பாளர் வழிகாட்டியிலேயே இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நம் ஊர்க் கல்லூரிகளின் பெயர் வரக் கூடாது.

அதேபோல "மெர்ஜ் ஆனால்தான் (திட்டத்துக்குள் சேர்ந்தால்தான்) மார்க்" என்றும் வைக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2016 வாக்கில் இந்தத் திட்டத்தில் ஆள் நடமாட்டம் உச்சத்தில் இருந்தது. அப்புறம் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கையை விலக்கின. ஹெச்பி தன் பொது கிளவுடை 2016 ஜனவரியோடு மூடியது. சிஸ்கோ 2017-இல் தன் இன்டர்கிளவுடை மூடியது. அதே ஆண்டு, இன்டெலும் ரேக்ஸ்பேஸும் சேர்ந்து நடத்திய ஓப்பன்ஸ்டேக் மையத்துக்கு இன்டெல் பணம் கொடுப்பதை நிறுத்தியது. சம்பளத்துக்கு இதைச் செய்துகொண்டிருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். ஆவணங்களை எழுதிய குழு அந்த 2017-லேயே மிகவும் சுருங்கிப்போய், பொதுவாக வைத்திருந்த ஆவணங்களை அந்தந்தத் துணைத் திட்டத்தின் கையிலேயே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு தவறாமல் வருகிறது, 2025 அக்டோபரில் வந்தது ஃபிளமிங்கோ. பயன்படுத்துகிறவர்களும் குறையவில்லை. ஆனால் ரிவ்யூ செய்கிற கைகள் குறைவு. குளத்துத் தண்ணீர் வேண்டும், மராமத்துக்கு மட்டும் ஆள் அனுப்ப மாட்டோம் என்கிற நிறுவனங்கள் நிறைய. அதனால் நல்ல பேட்ச்கூட வாரக்கணக்கில் யாரும் பார்க்காமல் கிடக்கும். அது மாணவர் குற்றம் இல்லை.

அப்படியானால் எதற்கு மார்க் போடுவது என்று கேட்பீர்கள். முதலில் பக் சரிபார்ப்பு. பிழைகளைப் பதிவு செய்யும் லாஞ்ச்பேட் தளத்தில் யாரோ ஒருவர் புகார் எழுதிவிட்டுப் போயிருப்பார், அது உண்மையா என்று பார்க்க ஆள் இருக்காது. மாணவர், ஓப்பன்ஸ்டேக்கை ஒரே மெஷினில் ஓட்டிப் பார்க்க உதவும் டெவ்ஸ்டேக்கைத் தன் மெஷினில் நிறுவி, அந்தப் பிழையைத் திரும்ப வரவழைத்து, எந்தப் பதிப்பில் வருகிறது, எந்தப் படியில் வருகிறது, லாகில் என்ன இருக்கிறது என்று எழுதினாலே அது பெரிய உதவி. அது படிப்பும்கூட. டெவ்ஸ்டேக்கை ஒருமுறை ஓட்டி முடிப்பதற்குள் லினக்ஸ், நெட்வொர்க், டேட்டாபேஸ் மூன்றிலும் அவர்களுக்கு என்ன தெரியாது என்பது வெளிச்சமாகிவிடும். அடுத்தது மற்றவர் பேட்ச்சை ஊன்றிப் படித்துக் கருத்து எழுதுவது. வெறும் +1 போட்டுவிட்டுப் போவதில் பயன் இல்லை, படித்ததற்கு அடையாளம் வேண்டும். மூன்றாவதுதான் சொந்தப் பேட்ச். மூன்றும் தேதி, நேரத்தோடு பொதுவில் பதிவாகி இருக்கும். கைடு தன் மேசையிலிருந்தே திறந்து பார்க்கலாம், எக்ஸ்டெர்னலும் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவிடம் வாங்கி ஒட்டினால் அதையும் கமிட் செய்தியில் குறிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது; குறிப்பிடாமல் ஒட்டினாலும் ரிவ்யூவில் இரண்டாவது கேள்வியிலேயே பல்லிளித்துவிடும்.

காலக்கணக்கு முக்கியம். எட்டாவது செமஸ்டரில் ஜனவரியில் தொடங்கினால் நேரம் போதாது. ஏப்ரல் வெளியீட்டுக்கு முன்னால், பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் வாக்கில் புதிய அம்சங்களுக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். பக் திருத்தம் போகும், ஆனால் எல்லோரும் வெளியீட்டு வேலையில் இருப்பதால் புது ஆளைக் கவனிக்க நேரம் இருக்காது. ஆகவே ஏழாவது செமஸ்டர் தொடக்கத்திலேயே பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பரில் பக் சரிபார்ப்பு, அக்டோபர் வெளியீடு முடிந்து அடுத்த சுழற்சி சூடு பிடிக்கும்போது பேட்ச் என்று போனால் சரியாக இருக்கும்.

அப்புறம் உங்கள் கையில் மட்டுமே இருக்கிற சில காரியங்கள். கல்லூரி ஃபயர்வாலில் கெரிட்டின் 29418 போர்ட் அடைபட்டிருக்கிறது. அதையாவது ஹெச்டிடிபிஎஸ் வழியாகச் சமாளிக்கலாம், ஐஆர்சி என்ற அரட்டை வசதிக்கான 6697-ஐயும் அடைத்து வைத்தால் பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்? குழுக்கள் பேசிக்கொள்வது அங்கேதான். கூட்டம் யுடிசி (உலகப் பொது நேரம்) 16 மணிக்கு என்றால் நமக்கு இரவு 9.30. சில ஹாஸ்டல்களில் ஒன்பது மணிக்கு வைஃபையை நிறுத்திவிடுகிறார்கள், பெண்கள் ஹாஸ்டல் என்றால் போனையே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பையன்கள் எப்படியோ வெளியே டீக்கடையில் நின்றாவது போனில் சேர்ந்துகொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் மறுநாள் காலையில் கூட்டத்தின் பதிவைப் படிக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாமல் படித்து என்ன பயன்? வாரத்தில் ஒரு ராத்திரி, ஒரு மணி நேரம், வார்டன் முன்னிலையில் லேப்பையோ லைப்ரரியையோ திறந்து வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இங்கே படித்து இங்கேயே இருந்து உலகத்தரத்தில் மென்பொருள் எழுத முடியுமா என்று இனிமேல் யாரும் கேட்கத் தேவையில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ அதைக் காட்டிவிட்டது. ஆனால் ஒரு நிறுவனம் வந்து ஆள் எடுக்கும் வரை காத்திருப்பது ஒரு வழி. யாரையும் கேட்காமல் நேரே உள்ளே போய் உட்காரக் கதவு திறந்து கிடப்பது ஓப்பன்ஸ்டேக் போன்ற திட்டங்களில்தான். ஓப்பன்ஸ்டேக்கின் பின்னால் இருக்கும் ஓப்பன்இன்ஃப்ரா அறக்கட்டளையில் இலவச உறுப்பினராகப் பதிந்து, கடைசி இரண்டு வெளியீட்டுச் சுழற்சிகளில் ஒரு மாற்றமாவது சேர்ந்திருந்தால், திட்டத்தின் தலைமையைத் தேர்ந்தெடுக்க வாக்குரிமையும் உண்டு. பேட்டைப் பிள்ளைக்கும் அதே ஒரு வாக்கு, பெரிய நிறுவனத்தின் மூத்த பொறியாளருக்கும் அதே ஒரு வாக்கு.

நான் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் வருகிறேன், காசு வேண்டாம், சால்வை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள நான்கைந்து மெஷின், அதில் உபுண்டு போட அனுமதி, உங்கள் துறையிலிருந்து கூட உட்கார ஒரு ஆசிரியர், இவ்வளவு போதும். ஆசிரியர் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் நான் இல்லாத வாரமும் இது நடக்க வேண்டும், அடுத்த ஆண்டு வருகிற பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஜூலையில் ஏழாவது செமஸ்டர் வகுப்புகள் தொடங்குவதற்குள் துறைக் கூட்டத்தில் இதை ஒருமுறை எடுத்துப் பேசுங்கள். முதல் ஆண்டு கல்லூரிக்கு நான்கு பேர் என்றாலும் போதும். மார்க் போடும் முறை எப்படி இருக்கலாம் என்று ஒரு பக்க வரைவு எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் துறை கேட்டாலும் நேரில் கொண்டுவந்து தருகிறேன், திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கிளவுட் பொறியாளர்