பெருந்தமனிக்குப் பின்னிய துணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச்செல்லும் முதன்மைக் குழாய்) வீக்கம் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த மருத்துவக் கட்டுரை, தொடை வழியாகக் குழாய் செலுத்தும் இன்றைய முறையைத் தெளிவாக விளக்கியது. ஆனால், முந்தைய வரலாற்றை ஒரே வரியில் கடந்துவிட்டது. அதில் பாதி துணியின் வரலாறு என்பதால், முப்பது ஆண்டுகளாகத் திருப்பூரில் நிட்டிங் தொழில் செய்துவரும் நான் இதை எழுதுகிறேன்.

1817-இல் லண்டனில் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் பெருந்தமனியைக் கட்டுப்போட்டு அடைத்த நோயாளி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. 1923-இல் நியூ ஆர்லியன்ஸில் ருடால்ஃப் மட்டாஸ் கட்டுப்போட்டவர் பிழைத்தார். 1948-இல் ஐன்ஸ்டீனின் தமனியைச் செலோபேன் தாளால் சுற்றினார்கள்; 1955-இல் அது கசிந்தபோது அவர் மறு அறுவைக்கு இசையவில்லை. வீங்கிய பகுதியை நீக்கிவிட்டு, இறந்தவர் ஒருவரின் தமனியை அங்கே வைத்துத் தைத்தவர் பாரிஸின் சார்ல் துபோ. அது 1951 மார்ச் மாதம். ஆனால் அத்தகைய தமனிகள் எளிதில் கிடைக்கவில்லை, கிடைத்தவையும் நாளடைவில் நைந்தன.

இங்கேதான் நூல் வருகிறது. நாயின் இதயத்துக்குள் இருந்த பட்டு நூலின்மேல் பளபளப்பான மெல்லிய படலம் படர்ந்திருந்ததைக் கண்ட நியூயார்க்கின் ஆர்தர் வூர்ஹீஸ், துணிக்குழாயையும் உடல் ஏற்கும் என்று கருதி, வின்யான்-என் என்ற செயற்கை இழைத் துணியில் குழாய் செய்து பார்த்தார். ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கி, நைலான் வாங்கக் கடைக்குப் போய், அது தீர்ந்துவிட்டதால் டேக்ரான் வாங்கிவந்து, தையல் இயந்திரத்தில் தம் கையாலேயே குழாய் தைத்ததாகக் கூறியிருக்கிறார். டேக்ரான் என்பது நாம் தினமும் ஓட்டும் பாலியஸ்டர்தான். பின்னர், ஃபிலடெல்ஃபியாவின் ஜவுளிப் பேராசிரியர் ஒருவரின் துணையோடு, தையலே இல்லாத குழாயைப் பின்னும் இயந்திரம் உருவானது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்குக் கோவையில் இந்த அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவர் அத்தகைய குழாயின் மாதிரித் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். விரலால் இழுத்துப் பார்த்தேன். நம் பனியன் துணியில் இருக்கும் அதே லூப் (நூல் வளையம்), வளைத்தால் நெரியாதிருக்கக் குறுக்கே சிறுசிறு மடிப்புகள். பின்னல் தளர்ந்தால் இரத்தம் கசியும், மிக நெருங்கினால் உடலின் திசு அதற்குள் ஊன்றாது என்று அவர் விளக்கினார். முற்காலத்தில் பின்னலின் அந்தத் துளைகளை அடைக்க, நோயாளியின் இரத்தத்திலேயே குழாயை ஊறவைத்து, உறைந்த பின் பொருத்தினார்களாம். லூப் நீளத்துக்காக நாள்தோறும் மல்லுக்கட்டும் எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது.

கட்டுரை சொல்லும் புதிய குழாய்கள் பலவற்றிலும் உலோக வலையோடு இணைந்திருப்பது பாலியஸ்டர் துணியே. கோவையிலும் திருப்பூரிலும் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் அறியும்படி, இதைத் தனிக் கட்டுரையாக விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நிட்டிங் தொழில் செய்யும் வாசகர்,
திருப்பூர்.