எண்டு குளோ கேட்டேன், சைடு குளோ வந்தது: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா, வணக்கம்.

இது என் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் ஒரே பதில்தான்: "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது."

நான் உங்களிடம் வாங்கியது 0.75 மி.மீ. எண்டு குளோ ஃபைபர், அதாவது வெளிச்சத்தை நுனியில் மட்டும் விடும் ஒளியிழை: நூறு இழைக் கட்டு, இரண்டு மீட்டர், ரூ.2,350. பாக்கெட்டின் மேலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருந்தது சைடு குளோ, நீளம் முழுக்கப் பக்கவாட்டில் ஒளிரும் இழை. சிலந்திகளை மிக அருகிலிருந்து படம் எடுப்பவன் நான். ஃபிளாஷ் வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, லென்ஸுக்கும் சிலந்திக்கும் நடுவே உள்ள இரண்டு அங்குல இடைவெளிக்குள் கொண்டுபோகத்தான் வாங்கினேன். நுனிக்கு வர வேண்டிய வெளிச்சம் வழியெல்லாம் கசிந்து லென்ஸில் அடிக்கிறது. உங்கள் ஆள் போனில் சொன்னபடி நுனிகளை 400, 1000, 2000 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்தேன். கறுப்பு டேப் சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று உங்களுக்குத் தெரியாதா?

"நேரில் கொண்டுவாங்க, மாத்தித் தர்றோம்" என்றார்கள். விழுப்புரத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து உங்கள் சென்னைக் கிளைக்கு வந்தேன். மூன்று மணி நேரம் காக்கவைத்த பிறகு கவுண்ட்டரில் இருந்தவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "எரியுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். அடுத்து, வெட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். இரண்டு முனையையும் கூரான பிளேடால் வெட்டிப் பொருத்தச் சொல்வது உங்கள் குறிப்புத்தாள்தானே! "பூச்சி போட்டோவுக்கா இவ்ளோ அலப்பறை?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். ஐயா, பதினொரு வருடமாகப் படம் எடுக்கிறேன். ஒருவரும் என்னை அப்படிப் பேசியதில்லை. அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை.

ஐப்பசி மழை விட்டதும் தோட்டம் முழுக்கக் குதிக்கும் சிலந்திகள் இருந்தன. அந்தப் பருவம் மொத்தமும் போய்விட்டது. ஒரு வருட உழைப்பே போனது என்றுதான் சொல்வேன். ரூ.2,350 அதற்கு ஈடாகுமா?

உங்களிடம் நல்ல பொருள் இருப்பது எனக்குத் தெரியும், முன்பு வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இன்னமும் பணிவாகக் கேட்கிறேன்: பொருளின் விலை, பஸ் செலவு, அந்த ஊழியரின் எழுத்துபூர்வ மன்னிப்பு. பதினைந்து நாளில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். அப்போது விழுப்புரத்துக்கு நீங்கள் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பி.கு.: ஃபைபர் கட்டினை உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும். பேசின அதே ஆள் மட்டும் வேண்டாம்.