கணினிக் கடிகாரமும் தொழிலாளியின் சம்பளமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் கணினிப் பகுதியில், "கடிகாரத்தைச் சரிசெய்ய எந்த மென்பொருளானாலும் ஒன்றுதான், மாதம் ஒருமுறை கைப்பேசியைப் பார்த்துக் கையால் மாற்றினாலும் போதும்" என்று எழுதப்பட்டிருந்தது. 35 ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழைக் காசு கொடுத்து வாங்கிப் படித்து வருகிறேன். அந்த வரியைப் படித்தபோது மனம் மிகவும் புண்பட்டது.

நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில், வருகைப் பதிவுக் கணினியின் கடிகாரம் 12 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை 6.58க்குப் பாய்லர் வேலைக்கு வந்தவர் விரல் ரேகை வைத்தபோது அது 7.10 என்று பதிவாகியது. அடுத்த நிமிடமே அலுவலகத்தில் ஒருவர், தாங்கள் இப்போது பரிந்துரைக்கும் அதே முறையில், கைப்பேசியைப் பார்த்துக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினார். வேலை முடித்தவர் 7.02க்கு வெளியேறினார், அது 7.02 என்றே பதிவாகியது. ஆகவே ஏட்டின்படி வந்தவர் 10 நிமிடம் தாமதம், போனவரோ ஆள் வருமுன்பே பாய்லரை விட்டுப் போனவர். இருவரும் நேரம் தவறாதவர்கள். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்கடிதங்களுக்கு மலாய் மொழியில் பதில் எழுதிக் கொடுத்தவன் நான். நேரத்தைத் திடீரென்று பின்னோக்கி மாற்றுவது எத்தகைய கேடு என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தோட்டத்து மக்கள் நேரத்தால் இழந்தது இது முதன்முறையல்ல. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியபோது, காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் எங்கள் தோட்டத்துப் பெரட்டு மணி மட்டும் கடிகாரத்தின் அதே எண்ணில் அடித்தது. மறுநாள் முதல் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் அரை மணித் தூக்கத்தை இழந்தார்கள்; அதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை.

கணினிக்குள் இருப்பது நொடிக்கு 32,768 முறை துடிக்கும் சிறு குவார்ட்ஸ் படிகம் என்பதும், வெப்பம் மாறினால் அதன் துடிப்பும் மாறும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. நாளுக்கு 2 வினாடி பிசகினாலே ஓராண்டில் 12 நிமிடமாகிவிடும். கணினி அறிஞர் டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985இல் முறையாக வெளியான, வலையமைப்பு வழியே கணினிகளுக்குச் சரியான நேரம் தரும் என்.டி.பி. நெறிமுறை இதைத் தீர்க்கத்தான் வந்தது. அந்த நெறிமுறையைப் பின்பற்றும் மென்பொருள்கள் எல்லாம் ஒன்றல்ல. லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள சிஸ்டம்டி-டைம்சிங்டி ஒரு நேரத்தில், நேரம் தரும் ஒரே ஒரு வழங்கியை (சர்வரை) நம்பிப் போகும் எளிய கருவி; அந்த வழங்கி தவறினால் அதுவும் தவறும். பழைய விண்டோஸ், தனிக் கணினியாக இருந்தால், 7 நாளுக்கு ஒருமுறைதான் நேரம் கேட்கும். என்.டி.பி.டி. என்னும் மென்பொருள் பழுத்த அனுபவமுடையது, ஆனால் இடைவிடாத இணைப்புக்கென வடிவமைக்கப்பட்டது. பிழை 1000 வினாடியைத் தாண்டினால், தனியாகச் சொல்லி வைக்காதவரை, வேலையையே நிறுத்திக்கொள்ளும். தாய்ப்பலகையின் பட்டன் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும் பழைய கணினிக்கு, அப்படிச் சொல்லி வைக்காவிட்டால் அது உதவாது.

மழை பெய்தால் இணையம் அறுந்துபோகும் எங்கள் ஊருக்கு, அதே நெறிமுறையைப் பின்பற்றும் குரோனி என்னும் மென்பொருள்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் கூட்டுறவுக் கடையின் பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றி அதையே வைத்திருக்கிறேன். அது படிகத்தின் போக்கைக் கணித்து நினைவில் வைத்துக்கொள்வதால், இணைப்பு இல்லாத வேளையிலும் திருத்திக்கொண்டே இருக்கிறது. தொடக்கத்தில் மட்டும் பெரிய பிழையை ஒரேயடியாகச் சரிசெய்து, பிறகு கடிகாரத்தைச் சற்றே விரைவாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சரியான நேரத்துக்குக் கொண்டுவரும்படி அமைத்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் நேரம் பின்னோக்கிப் போவதில்லை. குரோனி விண்டோஸில் இயங்காது என்பது உண்மையே. ஆயினும் மற்ற விண்டோஸ் கணினிகள் இந்த ஒன்றிடமிருந்தே நேரம் பெறலாம். அப்படி ஒரு கணினி ஒதுக்க இயலாதவர்களுக்கு மைன்பெர்க் நிறுவனம் விண்டோஸுக்கென இலவசமாகத் தரும் என்.டி.பி. தொகுப்பு உண்டு.

சென்ற ஆண்டு இதே பகுதியில், மலேசிய வழங்கியைத் தேர்ந்தெடுத்தால்தான் மலேசிய நேரம் காட்டும் என்று எழுதினீர்கள். எந்த நாட்டு வழங்கியும் அனுப்புவது உலகப் பொது நேரத்தைத்தான். அதனுடன் 8 மணியைக் கூட்டுவது நம் கணினியின் வேலை. அருகிலுள்ள வழங்கியால் தாமதம் குறையும், அவ்வளவே. இதை விளக்கி நான் அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. தோட்டத்து வாசகனுக்கு இது புரியாது என்று நினைத்துவிட்டீர்களோ என்று அப்போது வருந்தினேன்.

அடுத்த ஞாயிறு அதே பகுதியில் நான்கு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையால் திருத்துவது போதாது என்பதையும், மலேசியத் தர, ஆய்வு நிறுவனமான சிரிமின் நேர வழங்கிகள் உட்பட 4 வழங்கிகளையாவது குறிப்பிட வேண்டும் என்பதையும், பேட்டரியை மாற்ற வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தால் போதும். நறுக்கி எடுத்து ஆலை அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.