ஆம்ப்பை வித்துட்டன், மச்சான்

மச்சான்,

நேற்று எங்கட பாண்டின்ர ஆம்ப்பை, அந்தச் சத்தம் கூட்டுற பெட்டியை, வித்துட்டன். உன்னிட்டக் கேக்கேல்ல. இருபது வருசமா பேஸ்மென்ற்றில தூசி பிடிச்சுக் கிடந்தது. வாங்க வந்த பெடியனுக்கு 17 வயசிருக்கும். சுவரில நீ கறுப்பு மார்க்கரால கீறின நாலு கோட்டையும் பார்த்திட்டு, "பிளாக் ஃப்ளாக்கோ அங்கிள்?" எண்டு கேட்டான். அந்த அமெரிக்க பங்க் பாண்டின்ர சின்னம்தானே அது. அப்பத்தான் உனக்கு எழுதோணும் எண்டு பட்டது. ஃபோனில சொன்னா வைச்சிடுவாய்.

எங்கட பாண்ட் ஏன் நிண்டது எண்டதை இங்க எழுதமாட்டன். சனம் வாசிக்கும், உன்ர அம்மாவும் வாசிப்பா. அந்த ஒரு இரவைப் பற்றி மட்டும்.

பிளாக் ஃப்ளாக்கில பாடின ஹென்றி ரோலின்ஸ் ரொறன்ரோவுக்குக் கதைக்க வந்த இரவு. பாட இல்லை, கதைக்க. மேடையில ட்ரம்ஸ் இல்லை, கித்தார் இல்லை, ஒரு தண்ணிப் போத்தல்கூட இல்லை. மைக் வயரைக் கையில இறுக்கிச் சுத்திக்கொண்டு, ஒரு காலை முன்னுக்கு வைச்சு, அடிபடப் போறவர் மாதிரி நிண்டார். திறந்த வாயை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல மூடேல்ல. அரை மணித்தியாலத்திலயே நீ எழும்பிட்டாய். "பாட ஏலாதவன்தான் கதைப்பான்" எண்டு என்ர காதுக்குள்ள சொல்லிட்டுப் போனாய். நான் எழும்பேல்ல.

முடிஞ்சு வெளியில வந்தா, நீ பனிக்குள்ள நிக்கிறாய். தோள் முழுக்க வெள்ளை. கையில ரெண்டு கோப்பி. எனக்கு வாங்கினது ஆறிப் பச்சைத் தண்ணி. மன்னிச்சுக்கொள் மச்சான். உனக்குப் பின்னால நான் வந்திருக்கோணும்.

ஏன் வந்திருக்கோணும்? நீ சொன்னது பிழை, இப்பவும் சொல்லுறன். வாஷிங்டன் ஜோர்ஜ்டவுனில ஐஸ்கிரீம் கடையில வேலை செய்த இருபது வயசுப் பெடியன் ரோலின்ஸ், 1981ல நியூயோர்க்கில பிளாக் ஃப்ளாக்கின்ர மேடையில ஏறி ஒரு பாட்டுப் பாடின கதையை எனக்குச் சொன்னதே நீதான். ஆனா 1983லயே, பாண்ட் ஓடிக்கொண்டிருக்கேக்கையே, லொஸ் ஏஞ்சலிஸில தனிய நிண்டு கதைக்கத் தொடங்கிட்டார் எண்டதை மட்டும் நீ காதில போடேல்ல. 1986ல பாண்ட் உடைஞ்ச பிறகு வேற வழியில்லாமல் வாய் திறந்த ஆளில்லை அவர். பாண்டோட ஊர் ஊராத் திரிஞ்ச அந்த வான், அந்தப் பட்டினி, மேடையில வந்து விழுந்த எச்சில் எல்லாத்தையும் எழுதின நாட்குறிப்பை வாசிச்சதுக்குத்தான் 1995ல கிராமி விருது கிடைச்சது. அதே வருசம் அவற்ற பாட்டும் போட்டியில நிண்டது. அதுக்குக் கிடைக்கேல்ல.

1991 டிசம்பரில லொஸ் ஏஞ்சலிஸ் வெனிஸ் பகுதியில, தங்கட வீட்டடியில, கொள்ளையடிக்க வந்தவங்கள் அவற்ற சிநேகிதன் ஜோ கோலைச் சுட்டாங்கள். அந்த மனுசன் அதையும் எழுதினார், சனத்துக்கு முன்னால கதைச்சார்.

நீ உன்ர தம்பியைப் பற்றி ஒரு சொல் கதைச்சனியோ? நாலு வருசம் மைக்கைப் பிடிச்சுக் குழறினாய். பின்னால நிண்டு நான் பேஸ் கித்தார் வாசிச்சன். எனக்கும் அவன் தம்பிதான்ரா. இதுக்கு மேல இங்க வேண்டாம்.

உன்னை மாதிரிக் கத்துற ஒருத்தனை அதுக்குப் பிறகு நான் காணேல்ல. அதையும் உனக்குச் சொல்லாமலே விட்டிட்டன்.

மைக்கை விக்கேல்ல. பெடியன் கேட்டான், குடுக்கேல்ல. பிளக் அடியில வயர் விட்டுப் போயிருக்கு, ஈயம் வைச்சா வேலை செய்யும். மேல அலுமாரிக்குள்ள, துவாயில சுத்தி வைச்சிருக்கிறன்.