மரக்குழிக்கு ஒரு வரி போதாது

கோவை மாநகராட்சி ஆணையாளர் அவர்களுக்கும், பொறியியல், பூங்காப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சாலை மதிப்பீட்டில் எந்த அளவு ஜல்லி, எத்தனை செ.மீ. கனம் என்று அடுக்கடுக்காக எழுதப்படுகிறது. அதே சாலையோரத்து மரத்துக்கோ பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘குழி எடுத்து மரக்கன்று நடுதல்’. நட்டது ஏன் நிலைப்பதில்லை என்பதற்கான விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி என்று குழி எடுத்தால் கிடைக்கும் மண் கால் கனமீட்டர்கூட இல்லை. நடுத்தர மரம் ஒன்று தழைத்து நிழல் தர ஏறத்தாழ 15 கனமீட்டர் மண் வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் இரண்டு மூன்றடியிலேயே சுக்கான் என்னும் கெட்டிச் சுண்ணாம்புப் படிவு தட்டுப்படும். கீழே போக வழியில்லாத வேர் பக்கவாட்டில் ஓடி நடைபாதைக் கல்லைத் தூக்கும். அப்புறம் பழி மரத்தின் மேல் விழும், வெட்ட மனுவும் வரும்.

தனிக்குழிகளை விட்டுவிட்டு, மரத்துக்கு மரம் தொடரும் அகழியாக எடுங்கள். 8 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் மரம் ஒன்றுக்கு 12 கனமீட்டர், தேவைக்கு அருகில் வந்துவிடும். மேலே ஆள் நடக்க வேண்டிய பகுதியில் 20 முதல் 40 மி.மீ. உடைகல் 4 பங்கு, களிப்புள்ள தோட்ட மண் 1 பங்கு, எடைக்கணக்கில் கலந்து, 15 செ.மீ. அடுக்குகளாக இறுக்கலாம். கல்லோடு கல் முட்டி பாரம் தாங்கும். இடுக்கில் இருக்கும் மண்ணில் வேர் ஓடும். இதில் கிரஷர் தூளைக் கலந்துவிட்டால் இடுக்கெல்லாம் அடைபட்டுப்போகும், செய்த வேலை வீண். சிமெண்ட் கழிவையும் இடித்த சுவரையும் போட்டு நிரப்புவது அதைவிட மோசம். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் காரத்தன்மை இன்னும் ஏறும். இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு உரம் வைத்துப் பயனில்லை.

அடுத்தது தண்ணீர். ஆண்டுக்கு 600 முதல் 700 மி.மீ. மழைதான் நமக்கு. அதையும் வடிகாலில் விட்டுவிட்டு, லாரி வைத்து நீர் ஊற்றுகிறோம். 7 மீட்டர் அகலச் சாலையில் 100 மீட்டர் நீளத்துக்கு 25 மி.மீ. மழை பெய்தால் 17,500 லிட்டர். ஓரக்கல்லில் ஒவ்வொரு மரத்துக்கும் 40 செ.மீ. திறப்பு விட்டு, உள்ளே ஓரடி ஆழத்தில், மணலும் குப்பையும் தங்கிவிட ஒரு வண்டல் தொட்டி வைத்தால் அந்த நீரில் கணிசமான பங்கு அகழிக்குள் இறங்கும். தொட்டியை மழைக்கு முன் ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் இரண்டே மழையில் வாய் அடைபடும்.

அவிநாசி சாலை மேம்பாலத்தின் அடியில் இருக்கும் பாத்திகளுக்கு நேரடி மழையே கிடையாது. 16 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம் கொண்ட பாலத்துண்டு ஒன்றில் 20 மி.மீ. மழைக்கு 9,600 லிட்டர் தேறும். தூணில் இறங்கும் குழாயை வண்டல் தொட்டி வழியாகப் பாத்திக்குத் திருப்பலாமே.

கரிசலில் ஓர் எச்சரிக்கை. ஓரடிக் குழியில் தண்ணீர் ஊற்றி வற்றவிட்டு, மறுபடி ஊற்றி அளந்து பாருங்கள். மணிக்கு 12 மி.மீ.க்கும் குறைவாக இறங்கினால் அகழியின் அடியில் துளைக்குழாய் பதித்து வடிகாலோடு இணைப்பது கட்டாயம். இல்லையென்றால் வேர் அழுகும்.

பேவர் பிளாக் பற்றி ஒன்றுதான்: அடியில் கான்கிரீட் போட்டுவிட்டு மேலே இடைவெளி விட்டுக் கல் பதித்தால் ஒரு சொட்டும் கீழே இறங்காது. நடைபாதைக்கு இறுக்கிய ஜல்லியும் அதன்மேல் சிறுசல்லியுமே போதும்.

நடும் காலமும் தவறுகிறது. ஜூன் 5 சுற்றுச்சூழல் தின விழாவுக்கு நட்ட கன்றை அடுத்த மாதமே பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக்காற்று உலர்த்தி ஆட்டியெடுக்கும். ஐப்பசி மழையை நம்பி, புரட்டாசிக் கடைசியில் நடுவதே நம் மண்ணுக்குப் பொருந்தும். விழா வேண்டுமானால் ஜூனில் குழி எடுக்கும் விழாவாக நடக்கட்டும். நடும்போது பையைக் கிழித்து, சுருண்ட வேரை நான்கு பக்கமும் கத்தியால் கீறிவிட வேண்டும். வேரடி மண்ணின் மேல் பரப்பும் மூடாக்கு 8 செ.மீ. கனம், தண்டை ஒட்டாமல். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தென்னைநார்க் கழிவைப் பச்சையாகப் போட்டால் மண்ணின் தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து அதை மட்கவைக்கும் முறையை நம் ஊர் வேளாண் பல்கலைக்கழகமே சொல்லித் தருகிறது.

வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், இலுப்பை போன்ற பல வகைகளைக் கலந்து நடுங்கள். எந்த ஒரு வகையும் பத்தில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே மந்தாரை போதும். சீக்கிரம் பச்சை காட்டும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தின் பக்கம் போகாதீர்கள். குஜராத் 2023-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

ஒப்பந்தத் தொகையில் 40 விழுக்காட்டை நட்டதும் கொடுங்கள். மீதியை மூன்று கோடைகளின் முடிவில், உயிரோடிருக்கும் மரத்தை எண்ணி, இருபது இருபதாகக் கொடுங்கள். இதில் ஒப்பந்ததாரர்களுக்கு மனவருத்தம் வரும்தான். ஆனால் கன்றுக்குத் தண்ணீரும் வரும்.

முதலில் 200 மீட்டர் தெரு ஒன்றில் செய்து பார்க்கலாம். 8 மீட்டருக்கு ஒன்றாக, ஒரு பக்கம் 25 மரம். குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ அடுத்துத் தோண்டப்போகும் தெருவாக அது இருக்கட்டும். சாலை எப்படியும் உடைபடும். அகழிக்கென்று மறுபடி உடைக்க வேண்டியதில்லை. குழாய் எந்தப் பக்கம், வேர் எந்தப் பக்கம் என்பதை மட்டும் தோண்டுவதற்கு முன் ஒரே வரைபடத்தில் குறித்து, இரண்டு பிரிவினரும் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
கொங்கு வட்டார நிலவடிவமைப்புப் பணியாளர்கள் சிலர்