பெட்டியின் மேல் நேரத்தை எழுதுங்கள்

குஞ்சு பொரிப்பகம் நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

பொரித்த நான்காம் நாள் ஆரம்பித்து, ஐந்தாம் நாள் உச்சத்துக்குப் போய், வாரம் முடிவதற்குள் தானாக அடங்கிவிடும் குஞ்சுகளின் சாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் அறியாதது இல்லை. இந்த முறை குஞ்சுகள் விழ ஆரம்பித்ததும் வாங்கிய இடத்துக்குப் போன் செய்தேன். "குஞ்சுன்னா நாலு சாகத்தான் செய்யும். உங்க புரூடர்ல சூடு பத்தல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

புரூடரில், அதாவது குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வைக்கும் இடத்தில், சூடு பத்தாமல் குஞ்சு சாகும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். வெப்பமானியைக் குஞ்சின் முதுகு மட்டத்தில்தான் தொங்கவிட்டிருக்கிறேன். அது பொய் சொன்னாலும் குஞ்சுகள் காட்டிக் கொடுத்துவிடும். குளிர்ந்தால் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். சூடு மிஞ்சினால் ஓரத்துக்கு ஒதுங்கி, வாயைத் திறந்து இரைக்கும். குவியலில் நசுங்கிச் செத்தவை காலையில் மூலையில் தட்டையாகக் கிடக்கும். என் கொட்டகையில் செத்தவை அப்படிப்பட்டவை அல்ல. மற்ற குஞ்சுகள் நன்றாகப் பரவிப் படுத்திருக்க, அவற்றுக்கு நடுவே கண்ணை மூடி நின்றபடியே தூங்கி விழுந்தவை.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே அறுத்துக் காட்டினார். தொப்புள் மூடிக் காய்ந்திருந்தது, மஞ்சள்கருப் பையில் கெட்ட நாற்றம் இல்லை. ஆகவே தொப்புள் வழியாகக் கிருமி ஏறியதற்கு அடையாளம் எதுவும் இல்லை. தீனிப்பை காலி. அரைவைப்பையைக் கீறினால் தீவனத்தில் ஒரு துணுக்குகூட இல்லை, தரையில் பரப்பிய கூளத்தின் தூசிதான் இருந்தது. சிறுநீரகம் வெளிறி வீங்கி, குழாய்களில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. கால் தோல் சுருங்கி, அதன் மேல் நரம்பு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. "தண்ணியும் தீனியும் காணாத குஞ்சு" என்றார் அவர். தண்ணீர்க் குவளையும் தீவனத் தட்டும் ததும்பிக்கொண்டிருந்த கொட்டகையிலிருந்துதான் அதை எடுத்துப் போயிருந்தேன்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. இந்த மடலைப் படிக்கும் புதிதாக வளர்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டை உடைப்பதற்குச் சற்று முன்னால் குஞ்சு மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து இரண்டு மூன்று நாள் உயிரைப் பிடித்திருக்க முடியும். குஞ்சுகளை ஊர் விட்டு ஊர் அனுப்பும் தொழிலே இந்தச் சேமிப்பை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் ஒரே இயந்திரத்தில் வைத்த முட்டைகள் ஒரே மணிக்குப் பொரிப்பதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு நாள், ஒன்றரை நாள் இடைவெளி விழும். முந்திப் பொரித்தது அந்த அனல் காற்றிலேயே காத்துக் கிடக்கிறது. பிறகு தரம் பிரிப்பு, தடுப்பூசி, பெட்டி, வண்டி. என் கைக்கு வரும்போது கடைசியில் பொரித்ததற்கு இரண்டாம் நாள் என்றால், முதலில் பொரித்ததற்கு மூன்றாம் நாளே முடியப் போகிறது. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மஞ்சள் நிறத்தில் நிற்கின்றன. காய்ந்துபோன குஞ்சுக்குத் தண்ணீர் இருக்கும் இடம்வரை நடக்கவே தெம்பு இருக்காது. சேமிப்பு தீர்ந்த அன்று விழுந்துவிடும். அதுதான் அந்த நான்காம் நாள், ஐந்தாம் நாள்.

நான் கேட்பது இதுதான்: முதல் குஞ்சுகள் பொரித்த நேரத்தையும், இயந்திரத்திலிருந்து எடுத்த நேரத்தையும், வண்டியில் ஏற்றிய நேரத்தையும் பெட்டியின் மேல் எழுதுங்கள். தாய்க்கோழிகளின் வயதையும் எழுதினால் இன்னும் நல்லது. இளம் கோழியின் சிறு முட்டையிலிருந்து வந்த குஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும் அல்லவா?

நேரம் தெரிந்தால் எங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வெகுநேரம் காத்திருந்த பெட்டியைத் தனியாகப் பிரித்து வைக்கலாம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துவிடலாம், கூடுதல் குவளைகளை விளக்குக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், தீவனத்தைக் காகிதத்தில் பரப்பலாம். மறுநாள் தீனிப்பையைத் தடவிப் பார்த்து, காலியாக இருப்பதை மட்டும் எடுத்துக் கையால் பார்த்துக்கொள்ளலாம். இப்போது எங்களுக்கு எந்தப் பெட்டியில் அவசரம் என்றே தெரிவதில்லை.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் போட்ட விதியில், தீனி தண்ணீர் இல்லாத குஞ்சுப் பயணம் 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், பொரித்த 72 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்று இருக்கிறது. கணக்கு பொரித்த நேரத்திலிருந்து ஓடுகிறது, பில் போட்ட தேதியிலிருந்து அல்ல. பொரிக்கும் தட்டிலேயே தீனியும் நீரும் வைக்கும் இயந்திரங்கள்கூட வந்துவிட்டன. அவற்றை நாளைக்கே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. நேரத்தை எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குஞ்சு செத்தது என்றால் உங்கள் ஆட்களும் மருந்துக் கடைக்காரர்களும் கேள்வி கேட்காமல் கொடுப்பது ஓர் ஆன்டிபயாடிக் பொடி. தொப்புள் வழியாகக் கிருமி ஏறி, முதல் வாரத்தில் வயிறு உப்பி, ஆசனவாய் ஈரமாகிச் சாவது ஒரு வகை. பூஞ்சை பிடித்த கூளத்தால் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்துச் சாவது வேறு. பெரும்பாலும் மூன்று வாரத்துக்குப் பிறகு ரத்தக் கழிச்சலோடு வரும் காக்சிடியோசிஸ் என்ற குடல் நோய் இன்னொன்று. தாகத்தில் சாகும் குஞ்சையோ பூஞ்சையில் சாகும் குஞ்சையோ ஆன்டிபயாடிக் காப்பாற்றாது. காரணம் தெரியாமல் பொடி கலக்கிக் கலக்கி, நிஜமாகவே கிருமி வரும் நாளில் மருந்து கேட்காத நிலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். செத்த குஞ்சைப் புதைக்கும் முன், உறைய விடாமல் ஐஸ் பக்கத்தில் வைத்து, அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள் என்று குஞ்சு வாங்குபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல உங்களில் எத்தனை பேருக்கு மனம் வருகிறது? சொன்னால் முடிவு உங்கள் பக்கம் திரும்பிவிடும் என்ற பயமா?

திரும்பட்டுமே. தாயிடமிருந்து முட்டை வழியாக வரும் புல்லோரம் (Pullorum) என்ற பாக்டீரியா நோய் ஒரு காலத்தில் குஞ்சுகளைக் கும்பல் கும்பலாகக் கொன்றது. அமெரிக்காவில் 1935-இல் கோழி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை ஆரம்பித்து, தாய்க்கோழிகளின் ரத்தத்தைச் சோதித்து, நோய் தாங்கியவற்றைக் கழித்துக் கழித்துத்தான் வணிகப் பண்ணைகளிலிருந்து அதை விரட்டினார்கள். வளர்ப்பவனின் விளக்குச் சூட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அது போயிருக்காது. பொரிப்பகத்துக்கு முட்டை தரும் தாய்க்கோழிகளைப் பார்த்ததால்தான் போனது.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல குஞ்சு கொடுப்பவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள், அவர்களை நம்பித்தான் நாங்களும் இருக்கிறோம். எங்கள் பக்கத் தவறு என்று ஆய்வில் தெரிந்தால் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். சூடு, காற்றோட்டம், தண்ணீர் என்று எதை வேண்டுமானாலும் நேரில் வந்து பாருங்கள், வரவேற்கிறோம்.

அடுத்த முறை அனுப்பும் பெட்டிகளிலிருந்தே, பொரித்த நேரம், எடுத்த நேரம், ஏற்றிய நேரம் மூன்றையும் மூடியின் மேல் எழுதி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது தயவுசெய்து எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களில் ஒருவன்